லைம்லைட் (1952): முதுமையும் மேடையும்

லைம்லைட் 1952ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். சார்லி சாப்ளின் இதை எழுதி, தயாரித்து, இயக்கி, இசையமைத்து, முதன்மை வேடத்திலும் நடித்தார். ஒரு காலத்தில் லண்டன் ரசிகர்களைச் சிரிக்க வைத்த கால்வெரோ என்னும் மேடைக் கோமாளி, முதுமையில் தன்னை மறந்துவிட்ட பார்வையாளர்களை எதிர்கொள்வதே இதன் கதை. நடன மங்கை டெர்ரியாகக் கிளேர் புளூம், இசையமைப்பாளர் நெவிலாகச் சாப்ளினின் மகன் சிட்னி சாப்ளின், அரங்க உரிமையாளர் போஸ்டண்டாக நைஜல் புரூஸ் ஆகியோர் நடித்தனர். மௌனப்படக் காலத்தின் மற்றொரு பெரும் நகைச்சுவைக் கலைஞரான பஸ்டர் கீட்டன் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார்.

இப்படத்தைச் சாப்ளினின் தன்னிரக்கம் என்று ஒதுக்குவோர் உண்டு. அவருடைய மிக நேர்மையான படம் என்று போற்றுவோரும் உண்டு. இரண்டுக்கும் படத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. எந்த இடத்தில் தன்னிரக்கம் நின்று நேர்மை தொடங்குகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைப்பின் பொருள்

மின்விளக்குகள் பரவுவதற்கு முன்பு, சுண்ணாம்புக் கட்டியைக் கடும் வெப்பமுள்ள வாயுச் சுடரில் சூடேற்றி, அது வீசும் வெண்ணொளியை மேடை நடிகர் மீது பாய்ச்சினர். அதுவே லைம்லைட். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்விளக்குகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. விளக்கு போய்விட்டது; புகழ் வெளிச்சம் என்ற பொருளில் சொல் மட்டும் தங்கியது. பெயர் நிலைத்திருக்க, பெயருக்குரிய பொருள் மறைந்துபோவது கால்வெரோவின் நிலையும்தான். அவருடைய அறைச் சுவரில் பழைய சுவரொட்டி இருக்கிறது. அதைப் பார்த்து அரங்கு தேடிப் போக ஆள் இல்லை.

கதைச்சுருக்கம்

கதை 1914ஆம் ஆண்டு லண்டனில் தொடங்குகிறது. குடித்துவிட்டு வீடு திரும்பும் கால்வெரோவுக்கு வாயு நாற்றம் அடிக்கிறது. முதலில் தன் செருப்பின் அடிப்பகுதியைச் சோதிக்கிறார். பிறகு கீழ்த்தள அறையின் கதவை உடைத்து, தற்கொலைக்கு முயன்று மயங்கிக் கிடக்கும் டெர்ரியைக் காப்பாற்றித் தன் அறைக்குக் கொண்டுவருகிறார். டெர்ரி பாலே நடனம் பயின்றவள்; அவளுடைய கால்கள் இப்போது இயங்கவில்லை. நோய் உடலில் அல்ல, மனத்தில் என்று கால்வெரோ கண்டுகொள்கிறார். தன் நடனப் பயிற்சிக்கான பணத்தை அக்காள் தெருவில் நின்று சம்பாதித்தாள் என்று அறிந்த அதிர்ச்சி அவளுக்குள் இருக்கிறது.

கால்வெரோ அவளுக்கு நம்பிக்கை ஊட்டுகிறார். அதே வேளையில், வேறு பெயரில் ஓர் அரங்கில் கிடைத்த வாய்ப்பில் தோற்றுத் திரும்புகிறார். உடைந்து அழும் அவரைத் தேற்றும் வேகத்தில் டெர்ரி எழுந்து நடந்துவிடுகிறாள். பின்னர் எம்பயர் அரங்கின் பாலேயில் முதன்மை இடம் பெறுகிறாள். அதே நிகழ்ச்சியில் கால்வெரோவுக்கு ஒரு கோமாளி வேடம் கிடைக்கிறது. தன் இடத்துக்கு வேறொருவரைத் தேடுவது தற்செயலாகத் தெரியவரும்போது, தன்னை மணக்க விரும்பும் டெர்ரியை விட்டு விலகி, தெருப் பாடகர்களுடன் சேர்ந்துகொள்கிறார். இறுதியில் அவருக்காகவே ஒரு சிறப்பு நிகழ்ச்சி நடத்தப்படுகிறது. அன்று அரங்கை வென்ற கால்வெரோ, மாரடைப்பு ஏற்பட்டு, மேடையின் ஓரத்தில் கிடந்தபடி, டெர்ரி ஆடிக்கொண்டிருக்கும்போது இறக்கிறார்.

பின்னணி

சாப்ளினின் தந்தையும் தாயும் மியூசிக் ஹால் பாடகர்கள். பாட்டு, கோமாளித்தனம், நடனம், வித்தை ஆகியவற்றை ஒரே மேடையில் அடுத்தடுத்து வழங்கிய மியூசிக் ஹால், பிரிட்டனின் உழைக்கும் மக்களுக்கு முக்கியமான பொழுதுபோக்காக இருந்தது. சாப்ளினின் தந்தை குடியினால் உடல் கெட்டு 1901இல் 38 வயதில் இறந்தார். தாய்க்கு மேடையில் குரல் உடைந்துபோன ஓர் இரவில், ஐந்து வயதுச் சிறுவனாகத் தான் அவருடைய இடத்தில் பாடியதைச் சாப்ளின் தன் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். குடிகாரக் கலைஞர், கைவிடும் பார்வையாளர், மூத்தவர் விலக இளையவர் மேடையேறுதல் ஆகிய மூன்றும் அவர் சிறுவயதிலேயே நேரில் கண்டவை.

படத்துக்கு முன் இதே கதையை அவர் நாவல் வடிவில் எழுதினார். அது வெளியிடப்படாமலே இருந்து, 2014இல்தான் நூலாக வந்தது.

பேசப்படாத சினிமா

கதை நிகழும் ஆண்டு கவனிக்கத்தக்கது. சாப்ளின் 1913இன் இறுதியில் மேடைக் குழுவை விட்டு ஹாலிவுட்டில் சேர்ந்தார். அவர் நடித்த முதல் படம் 1914 பிப்ரவரியில் வெளியானது. கால்வெரோ லண்டனில் வேலை தேடி அலையும் அதே கோடையில், உண்மையான சாப்ளின் அமெரிக்காவில் திரைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். மியூசிக் ஹாலின் வீழ்ச்சிக்குச் சினிமா ஒரு முக்கியக் காரணம். டெர்ரி ஆடுவதாகக் காட்டப்படும் லண்டன் எம்பயர் அரங்கமே 1927இல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டு திரையரங்காகத் திறக்கப்பட்டது.

ஆனால் கால்வெரோவின் வீழ்ச்சிக்குக் காரணமாகப் படம் சினிமாவைச் சுட்டவே இல்லை. தான் முதிர்ந்துவிட்டதும், வயதோடு வந்த கனம் நகைச்சுவைக்கு ஒவ்வாமல் போனதும், மேடையேறக் குடி தேவைப்பட்டதும்தான் காரணம் என்று கால்வெரோ நம்புகிறார். காலத்தின் மாற்றத்தை அவர் தன் சொந்தக் குறையாக எடுத்துக்கொள்கிறார். தொழில் மறையும்போது அதில் இருப்பவர் பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்; தன் கை தளர்ந்துவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. அந்தக் கைக்கு வேலை தந்த உலகம் நகர்ந்துவிட்டது அவர் கண்ணில் படுவதில்லை. கால்வெரோவை அழித்த கலையால் உயர்ந்தவரே கால்வெரோவாக நடிக்கிறார் என்பதை அறிந்து பார்க்கும்போது, இந்த மௌனம் ஒரு குற்றவுணர்வுபோலத் தெரிகிறது.

மூன்று மேடைகள்

படத்தின் கட்டமைப்பை மூன்று மேடைகளைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

முதல் மேடை கனவு. தெள்ளுப்பூச்சிகளை வைத்து வித்தை காட்டும் பழைய நிகழ்ச்சியைக் கால்வெரோ உற்சாகமாக நடிக்கிறார். முடிவில் அரங்கை நோக்கும்போது இருக்கைகள் காலியாக இருக்கின்றன. ஒப்பனையுடன் இருக்கும் அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிகிறது. கலைஞருக்கு ஏற்படும் அச்சத்தைச் சாப்ளின் இங்கே ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

இரண்டாம் மேடை நனவு. மிடில்செக்ஸ் அரங்கில் அவர் பாடும்போது மக்கள் எழுந்து போகிறார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. அவர்களுக்குச் சலிப்பு, அவ்வளவுதான். சலிப்பை எதிர்த்துப் போராட வழியில்லை என்பதே காட்சியின் கொடுமை. தான் விரும்பப்படும் கலைஞர் என்பதை உலகமே அறிந்த ஒருவர், விரும்பப்படாத கலைஞராகத் தன்னை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிக்கொண்டது எளிய செயல் அல்ல.

மூன்றாம் மேடை இறுதிச் சிறப்பு நிகழ்ச்சி. இங்கேதான் படத்தின் கூர்மையான கேள்வி எழுகிறது. கால்வெரோ மீண்டும் தோற்றுவிடக் கூடாது என்று அன்புள்ளவர்களே கைதட்டவும் சிரிக்கவும் ஆட்களை ஏற்பாடு செய்கிறார்கள். அப்படியானால் அன்று எழும் சிரிப்பில் எது கூலிச் சிரிப்பு, எது உண்மைச் சிரிப்பு? கால்வெரோ உண்மையாகவே வென்றார் என்று படம் நம்மை நம்பவைக்கிறது. ஆயினும் அந்தச் சிறு ஐயம் முழுமையாக அகல்வதில்லை. மூத்த கலைஞருக்குச் செய்யும் மரியாதையில் இரக்கம் எவ்வளவு, ரசனை எவ்வளவு என்பது எந்தப் பாராட்டு விழாவுக்கும் பொருந்தும் கேள்வி.

கீட்டன் காட்சி

சாப்ளினும் கீட்டனும் ஒரே கதைப்படத்தில் இணைந்து தோன்றியது இதில் மட்டுமே. சாப்ளின் வயலின் வாசிப்பவர். கீட்டன் கிட்டப்பார்வை கொண்ட பியானோக் கலைஞர். கீட்டன் அடுக்க அடுக்க இசைத் தாள்கள் சரிந்து விழுகின்றன. சாப்ளினின் கால் ஒன்று கால்சட்டைக்குள் சுருங்கிக்கொள்கிறது. பியானோவின் கம்பிகள் அறுந்து வெளியே பாய்கின்றன. வயலின் மிதிபட்டு நொறுங்குகிறது. இருவரும் வாசிக்கத் தொடங்குவதற்கே வெகுநேரம் ஆகிறது.

காட்சியின் பெரும்பகுதியில் இருவரும் பேசுவதில்லை. அரங்கின் சிரிப்பொலியும் கேட்பதில்லை. அதனால் இது காலியான கூடத்தில் இரண்டு முதியவர்கள் தங்கள் தொழிலைத் தமக்காகவே செய்துபார்ப்பதுபோல் இருக்கிறது. முந்தைய இரண்டு மணி நேரமும் வாழ்வின் பொருள் பற்றி ஓயாமல் பேசிய கால்வெரோ, இங்கே பேச்சை நிறுத்தியதும் உயிர் பெறுகிறார். வாழ்வைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டாலும் இக்காட்சி நினைவில் நிற்கும். கீட்டனும் அப்போது தன் உச்சத்தைக் கடந்து, சிறு வேடங்களில் நடித்துவந்தவர் என்பது காட்சிக்கு மேலும் கனம் சேர்க்கிறது.

குறைகள்

படம் தேவைக்கு அதிகமாகப் பேசுகிறது. டெர்ரிக்குக் கால்வெரோ கூறும் அறிவுரைகள் பல இடங்களில் பார்வையாளருக்கான சொற்பொழிவாக மாறுகின்றன. கால் இயங்காதவள் ஒரே கணத்தில் எழுந்து நடப்பது மனநோய் பற்றிய எளிமையான புரிதலையே காட்டுகிறது.

பெரிய குறை டெர்ரியின் பாத்திரம். அவளுக்கென்று ஒரு கலை இருக்கிறது, வறுமை இருக்கிறது, அக்காளைப் பற்றிய காயம் இருக்கிறது. ஆனால் கதை அவளைக் கால்வெரோவை வணங்கும் பெண்ணாகவே வைத்திருக்கிறது. நெவில் தன் காதலைச் சொல்லும்போதும், தான் நேசிப்பது கால்வெரோவைத்தான் என்கிறாள். அது காதலா, நன்றியா என்று கால்வெரோ ஐயுறுகிறார். டெர்ரி ஐயுற்றுப் பார்க்கும் ஒரு காட்சிகூட இல்லை. இளைய தலைமுறைக்கு இடம் விடுவது பற்றிய படம், அந்த இளையவளின் மனத்துக்கு உரிய இடத்தை விடவில்லை. தன்னிரக்கம் என்ற குற்றச்சாட்டு உண்மையாகும் இடம் இதுவே.

வெளியீடும் வரவேற்பும்

1952 செப்டம்பரில் படத்தின் லண்டன் முதல் காட்சிக்காகச் சாப்ளின் குடும்பத்துடன் கப்பலில் புறப்பட்டார். நடுக்கடலில் இருந்தபோது, அவர் அமெரிக்காவுக்குத் திரும்புவதற்கான அனுமதியை அந்நாட்டு அரசு ரத்து செய்தது. அவருடைய அரசியல் சார்பு குறித்த ஐயங்கள் அதற்குப் பின்னணியாக இருந்தன. அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். அமெரிக்காவில் எதிர்ப்புப் போராட்டங்களால் பல திரையரங்குகள் படத்தைக் கைவிட்டன. ஐரோப்பாவில் நல்ல வரவேற்பு கிடைத்தது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் படம் முறையாகத் திரையிடப்பட்டது 1972இல்தான். அதன் காரணமாக, எடுத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி பெற்று, 1973இல் சிறந்த இசைக்கான விருதை வென்றது. போட்டிப் பிரிவில் சாப்ளின் பெற்ற ஒரே ஆஸ்கர் அதுதான். பார்வையாளர்களால் கைவிடப்பட்ட கலைஞரைக் கற்பனை செய்தவருக்குப் படம் வெளியாகும் முன்பே அது நேர்ந்தது. கால்வெரோவைப் போலவே அவருக்கும் கைதட்டல் மிகத் தாமதமாகத் திரும்பி வந்தது.

மதிப்பீடு

முதிய கலைஞரைப் பற்றிய படங்கள் வழக்கமாக இரண்டு முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்: அவர் மீண்டும் வெல்வார் அல்லது மறக்கப்பட்டு மடிவார். லைம்லைட் இரண்டையும் ஒரே இரவில் வைக்கிறது. இறுதிக் காட்சியில் கால்வெரோவின் முகத்தின்மேல் துணி மூடப்படுகிறது. கேமரா அங்கே நின்று அழவில்லை. அவரை விட்டு நகர்ந்து, மேடையில் சுழன்றாடும் டெர்ரியிடம் செல்கிறது. அவர் இறந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. ஆட்டமும் நிற்கவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தன் முகத்தையே நமக்குக் காட்டிவந்த சாப்ளின், கடைசியில் தானே கேமராவைத் தன்னிடமிருந்து திருப்புகிறார். படத்தின் வசனங்கள் டெர்ரிக்குக் கொடுக்க மறுத்த இடத்தை அந்த ஒரு நகர்வு கொடுத்துவிடுகிறது. தன்னிரக்கம் முடிந்து நேர்மை தொடங்கும் இடமும் அதுவே. மேடைக் கலைகளையும் சினிமாவையும் பயில்வோர் இப்படத்தைப் பார்க்கும்போது, கீட்டன் காட்சியையும் இந்தக் கடைசி நகர்வையும் பொறுமையுடன் காத்திருந்து காண வேண்டும்.