‘இயற்கைக் குரல்’ என்னும் பாராட்டு: கூத்துப் பின்பாட்டை முன்வைத்து ஒரு மறுப்பு

நாட்டுப்புறப் பாடகரின் குரலை ‘இயற்கைக் குரல்’ எனப் பாராட்டுவது ஆய்வேடுகளில் வழக்கமாகிவிட்டது. பாராட்டாகத் தோன்றும் இத்தொடர், அக்குரலுக்குப் பின்னுள்ள பயிற்சியை மறுத்துவிடுகிறது. செவ்வியல் இசைஞருக்குச் ‘சாதகம்’ என்றொரு சொல் உண்டு. கூத்தருக்கோ ‘மண்வாசனை’ மட்டுமே மிஞ்சுகிறது.

வடதமிழகத் தெருக்கூத்தில் நடிகர் கிரீடமும் புஜகீர்த்தியும் தாங்கி, விடியும்வரை ஆடிக்கொண்டே பாடுகிறார். முகவீணையின் உச்ச ஒலிக்கும் ஈடுகொடுக்கிறார். தொண்டையை இறுக்கிக் கத்துபவருக்கு இது இயலாது. குரல்நாண்கள் வீங்கி நள்ளிரவுக்குள் குரல் கம்மிவிடும். அடிவயிற்று மூச்சும் அகலத் திறந்த வாயும் பேச்சை ஒட்டிய உச்சரிப்புமே அவரைத் தாங்குகின்றன.

இங்குப் பின்பாட்டின் பங்கு தனித்துக் கருதத்தக்கது. நடிகர் ஓரடியைப் பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதனை ஏந்திப் பாடுவர். பாடலைப் பனுவலாக மட்டும் காணும் ஆய்வு இதனைத் ‘திரும்ப வரல்’ என்னும் உத்தியாக எண்ணிவிட்டு நகர்கிறது. நடிகர் மூச்சை மீட்பதும் குரலுக்கு ஓய்வளிப்பதும் அவ்விடைவெளியில்தான். நடவுப் பாட்டில் ஒருத்தி பாட ஏனையோர் வாங்கிப் பாடுவதற்கும் இது பொருந்தும். புதியவர் கூட்டுக்குரலுள் மறைந்து நின்று, பிழை வெளித்தெரியாமல் பாடிப் பழகும் இடமும் அதுவே. ஓய்வும் பயிற்சியும் பாட்டின் அமைப்புக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. தனியே ஒரு பயிற்சிக்கூடம் இல்லாததால் பயிற்சியே இல்லை என்று நாம் கொண்டுவிட்டோம்.

சங்கரதாஸ் சுவாமிகள் காலப் பாலர் நாடகக் குழுக்களில் சிறுவரின் குரல் உடைவதை ‘மகரக்கட்டு’ என்றனர். குரலின் உடற்கூற்று வரம்பை அறிந்து பேணாத சூழலில் இத்தகைய சொல் நிலைபெற்றிராது.

குரலைப் பற்றிய நம் அளவுகோலை மாற்றியது ஒலிவாங்கி. எஸ்.ஜி. கிட்டப்பா கடைசி வரிசைவரை தம் குரலாலேயே எட்ட வேண்டியிருந்தது. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ் ஆகியோரின் மென்குரல்கள் ஒலிவாங்கியால் இயன்றவை. குறை அவற்றில் இல்லை. அவற்றில் பழகிய செவியால் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் ‘கரடுமுரடு’ என மதிப்பிடுவதே பிழை. ‘ஆண்பாவம்’ (1985) படத்தில் கொல்லங்குடி கருப்பாயியின் திறந்த குரல் மென்மையாக்கப்படாமல் ஒலித்தது. திரையில் அது அரிய விதிவிலக்கு.

இன்று கூத்துக் களத்திலும் ஒலிவாங்கிகள் தொங்குகின்றன. ஒலிபெருக்காத குரலின் நுட்பங்களைப் பதிவுசெய்யும் வாய்ப்பு சுருங்கி வருகிறது. ஆயினும் நம் தொகுப்புகள் பாடலின் சொற்களோடு நின்றுவிடுகின்றன. என் தொடக்கக் களப்பதிவுகளிலும் பின்பாட்டு அடிகளுக்கு நேரே ‘மீண்டும்’ என்ற குறிப்பு மட்டுமே உள்ளது. யார் ஏந்திப் பாடினார், முதற்பாடகர் எங்கே மூச்சு வாங்கினார் என்பவற்றை அவற்றிலிருந்து இனி அறிய வழியில்லை.