ஐந்து வரியில் எஃப்டிபி சர்வர்: கையேடுகள் சொல்லாமல் விடுவது

லினக்ஸில் எஃப்டிபி சர்வர் அமைப்பது எப்படி என்று தேடினால் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. விஎஸ்எஃப்டிபிடி என்ற மென்பொருளை நிறுவு, கட்டமைப்புக் கோப்பைத் திற, ஐந்தாறு வரியை மாற்று, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணு, முடிஞ்சுது. நடுவில் பிழை வந்தால் அதற்கும் ஒரு வரி இருக்கும். அதுவும் உதவவில்லையா, டைரக்டரிக்கு 777 அனுமதி கொடு. ஆங்கிலத்தில் இருப்பவையும் இப்படித்தான், அவற்றைப் பார்த்துத் தமிழில் எழுதியவையும் இப்படித்தான். சர்வர் ஓடுமா என்றால் ஓடும். ஆனால் எந்த வரி யாருக்கு எதைத் திறந்துவிடுகிறது என்பதை, நான் படித்தவற்றில் ஒன்றிரண்டு தவிர, யாரும் சொல்வதில்லை.

யாருக்கு இப்போ எஃப்டிபி வேணும் என்று கேட்கலாம். ஸ்கேன் செய்கிறவர்களுக்கு வேணும். எங்கள் நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் பழைய பஞ்சாங்கம், பள்ளி ஆண்டு மலர், கோயில் வரவு செலவு நோட்டு, நிலப் பத்திரம் என்று வீட்டுப் பரணில் இருப்பதையெல்லாம் ஸ்கேன் செய்து வைக்கும் ஆர்வம் நாலைந்து பேருக்காவது வந்திருக்கிறது. ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் கிட்டத்தட்ட 100 எம்பி. இருநூறு பக்க நோட்டு 20 ஜிபி. மின்னஞ்சலில் போகாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிக் கெடுத்துவிடும். ஆபீஸ் ஸ்கேனர்கள் பலவற்றில் 'எஃப்டிபிக்கு அனுப்பு' என்ற வசதி இருக்கிறது. அதனால் யாராவது ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, கையேட்டைப் பார்த்து, ஐந்து வரியை ஒட்டிவிடுகிறார்கள். காகிதம் செல்லரித்துப் போன பிறகு அந்த ஸ்கேன் மட்டும்தான் மிஞ்சும். அது உட்கார்ந்திருப்பது இந்த ஐந்து வரியின் மேல்.

எஃப்டிபியின் முதல் வரைவை எழுதியவர் அபய் பூஷண். அலகாபாத்காரர், ஐஐடி கான்பூரின் முதல் அணியில் 1965-ல் பட்டம் பெற்றவர். எம்ஐடியில் இருந்தபோது அவர் எழுதிய ஆர்எஃப்சி 114-இன் தேதி 1971 ஏப்ரல் 16. அன்றைய ஆர்பாநெட்டில் இருந்த கணினிகளை உட்கார்ந்து எண்ணிவிடலாம். எல்லாம் பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம். ஒருவர் இயந்திரத்தை இன்னொருவர் நேரடியாகக் கூப்பிடலாம், நடுவில் தடுப்பு கிடையாது. பாஸ்வேர்டு வெட்டவெளியில் போனால் ஒட்டுக்கேட்க ஆள் இல்லை. இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 959 வந்தது 1985 அக்டோபரில். அதிலும் அந்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது. பூஷணைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவர் அன்றைய தெருவுக்கு வீடு கட்டினார். தெரு மாறியதைச் சொல்லாமல் அதே வரைபடத்தை நம் கையில் கொடுக்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்பு வேண்டும். போர்ட் 21-இல் பேச்சு மட்டும் நடக்கும். கோப்பும் டைரக்டரிப் பட்டியலும் வேறொரு இணைப்பில் வரும். பழைய முறையில் (ஆக்டிவ்) அந்த இரண்டாவது இணைப்பை சர்வர்தான் நம் கம்ப்யூட்டரை நோக்கித் திறக்கும். ரூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அப்படி வெளியிலிருந்து வர முடியாது. அதனால் பேசிவ் முறை: சர்வர் "இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு நீயே வா" என்று ஆறு எண்களில் சொல்லும். முதல் நாலும் ஐபி முகவரி, கடைசி இரண்டும் போர்ட். 195, 80 என்று வந்தால் 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டணும், 50000. உறைமேல் எழுத வேண்டிய முகவரியைக் கடிதத்துக்கு உள்ளே எழுதுகிற வேலை இது. முகவரி மாற்றும் ரூட்டர் உறையை மாற்றும், உள்ளே இருப்பதை எல்லா ரூட்டரும் மாற்றாது. சர்வர் அப்பாவியாகத் தன் 192.168 முகவரியைச் சொல்லும், வெளியூரில் இருப்பவரின் கம்ப்யூட்டர் அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும்.

நீடாமங்கலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எங்கள் ரயில்வே கேட் போதும். பைக்கில் முன்னால் போனவர் கேட் விழுவதற்குள் தாண்டிப் போய் "லாரி பின்னாடியே வருது" என்று சொல்லிவிட்டார். நெல் லாரி கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்குது. எஃப்டிபியில் இதன் அறிகுறி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: லாகின் ஆகிவிடும், பட்டியல் மட்டும் வராது. உடனே கையேடு தரும் வைத்தியம், "ஃபயர்வாலை நிறுத்திப் பாருங்கள்". பாருங்கள் என்று சொன்னதோடு சரி, திரும்பப் போடச் சொல்வதே இல்லை. சரியான வழி சின்னதுதான். பேசிவ் போர்ட்டுகளுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் கட்டமைப்பில் குறித்து (50000 முதல் 50020 வரை என்று வைத்துக்கொள்வோம்), ஃபயர்வாலில் அதை மட்டும் திறந்து, வெளி முகவரியை 'பேசிவ் அட்ரஸ்' வரியில் எழுதணும். நிறைய வீட்டு இணைப்புகளில் இன்று பொது முகவரியே கிடையாது, நிறுவனமே நூற்றுக்கணக்கான பேரை ஒரு முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். அங்கே இதுவும் பலிக்காது. அதை முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

இனி கட்டமைப்புக் கோப்பு. (வரிகளின் பெயரைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு வரும்.) விஎஸ்எஃப்டிபிடி என்ற பெயரின் விரிவு 'மிகப் பாதுகாப்பான எஃப்டிபி டீமன்'. கிறிஸ் எவன்ஸ் எழுதியது. அதிகாரம் தேவைப்படும் வேலையையும் தேவைப்படாத வேலையையும் தனித்தனி பிராசஸாகப் பிரித்த கவனமான நிரல். 2011 ஜூலையில் அதன் 2.3.4 பதிப்பின் தரவிறக்கக் கோப்பை யாரோ மாற்றிவைத்தார்கள், பயனர் பெயரில் சிரிப்புக்குறி போட்டால் போர்ட் 6200-இல் ஷெல் திறக்கும்படி. நிரலில் தவறில்லை, கையொப்பத்தைச் சரிபார்க்காமல் இறக்கியவர்கள்தான் மாட்டினார்கள். ஆக, நிரலைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதன் கட்டமைப்பு மொழியைப் பற்றி நிறைய இருக்கு.

முதலாவது, 'அனானிமஸ் எனேபிள்'. இதன் இயல்பு மதிப்பு 'யெஸ்'. டெபியன் தரும் கோப்பில் 'நோ' என்று எழுதித்தான் வரும். ஆனால் அந்த வரி தேவையில்லை என்று நினைத்து முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு முடக்கினால், பெயரில்லாதவருக்குக் கதவு திறந்துவிடும். மாதிரிக் கோப்பின் குறிப்பு இதைச் சொல்கிறது, அந்த மட்டும் நேர்மை. ஆனாலும் ஒரு வரி இல்லாமல் போனால் பூட்டுவதுதானே முறை?

இரண்டாவது, 'சிஹெச்ரூட் லிஸ்ட்'. பயனரை அவருடைய டைரக்டரிக்குள்ளேயே அடைத்துவைக்கும் ஏற்பாடு சிஹெச்ரூட். 'சிஹெச்ரூட் லோக்கல் யூசர்' நோ என்றிருந்தால், பட்டியலில் இருப்பவர்கள் அடைக்கப்படுவார்கள். அதை யெஸ் ஆக்கினால் அதே பட்டியலின் பொருள் தலைகீழாகி, அதில் இருப்பவர்கள் மட்டும் வெளியே சுற்றலாம். கோப்பின் பெயர் மாறவில்லை, உள்ளே ஒரு எழுத்து மாறவில்லை. கைதிகளின் பட்டியல் காவலர் பட்டியலாகிவிட்டது. 'யூசர்லிஸ்ட் டினை'யிலும் இதே விளையாட்டு உண்டு.

மூன்றாவது, கையேடுகளின் செல்லப் பிள்ளை. அடைக்கப்பட்ட பயனரின் மேல்நிலை டைரக்டரியில் அவரே எழுத முடியும் என்றால், 2.3.5 பதிப்பிலிருந்து இந்த சர்வர் "500 ஊப்ஸ்" என்று சொல்லி உள்ளே விட மறுக்கிறது. உடனே எல்லாக் கையேடும் 'அலவ் ரைட்டபிள் சிஹெச்ரூட்' என்ற வரியை யெஸ் ஆக்கச் சொல்லும். பிழை போய்விடும். மறுத்தது ஏன் என்று கேட்டால் பதில் இருக்கிறது. அடைத்த பிறகு அந்த டைரக்டரிதான் அந்த பிராசஸுக்கு முழு உலகம். அதன் உச்சியில் எழுத முடிந்தவர் அங்கே தன் சொந்த 'இடிசி'யையும் 'லிப்'பையும் உருவாக்கி, சர்வரோ அது நம்பும் நூலகமோ அவற்றைப் படிக்கும்படி செய்ய வழி கிடைக்கும். மேல் டைரக்டரியை ரூட்டின் பெயரில் 755 அனுமதியோடு வைத்து, உள்ளே 'வரவு' என்று ஒன்றை உருவாக்கி அதை மட்டும் பயனர் பெயருக்கு மாற்றினால் பிழையும் வராது, ஓட்டையும் இருக்காது. இரண்டு கட்டளைதான். அதைச் சொல்லாமல் காவல்காரனின் வாயை அடைக்கும் வரியைச் சொல்லித் தருவதைத்தான் நான் மோசம் என்கிறேன். ஓபன்எஸ்எஸ்ஹெச்சும் சிஹெச்ரூட் டைரக்டரிக்கு இதே விதியை வைத்திருக்கிறது, அங்கே அதைத் தளர்த்த வரியே கிடையாது.

பாஸ்வேர்டு விஷயம் சுருக்கமாக. 'லோக்கல் எனேபிள்' என்றால் எஃப்டிபி பயனர் அந்த லினக்ஸ் இயந்திரத்தின் பயனரேதான், அதே பாஸ்வேர்டு. டிஎல்எஸ் போடாவிட்டால் அது அப்படியே கம்பியில் ஓடும். போட்டால், உள்ளே இருக்கும் ஆறு எண்களை எட்டிப்பார்த்து உதவி செய்துவந்த ரூட்டர்களுக்கும் கண் கட்டிவிடும். போர்ட் எல்லை குறிக்காதவர்களுக்கு அத்தோடு வேலை நின்றுவிடும்.

நான் படித்த தமிழ்க் கையேடுகள் தொடாத ஒன்று உண்டு, அது தமிழ்தான். எஃப்டிபியின் இயல்பு நிலை ஆஸ்கி முறை: வரி முடிவை அந்தந்த ஊர் வழக்கத்துக்கு மாற்றித் தரும். டிஸ்கி காலத்தில் தமிழ் உரைக்கு இதனால் கேடு வரவில்லை. ஆனால் அந்த உரையைப் படிக்கத் தேவையான எழுத்துருக் கோப்பை பைனரி என்று சொல்லாமல் விண்டோஸுக்கு இறக்கினால், எங்கெல்லாம் வரிமுடிவு போலத் தெரியும் பைட் இருக்கிறதோ அங்கெல்லாம் கூடுதலாக ஒன்று நுழைந்து கோப்பே செத்துவிடும். நோட்பேடில் பழைய 'யூனிகோட்' என்று சேமித்த யூடிஎஃப்-16 உரையில் முதல் வரி சரியாக வரும், இரண்டாவது வரி ஒரு பைட் தள்ளிப்போய்க் குப்பையாகிவிடும். விஎஸ்எஃப்டிபிடி இதில் புத்திசாலி. ஆஸ்கி கேட்டால் தலையாட்டிவிட்டு மாற்றாமலே அனுப்பும்.

கோப்புப் பெயர் இதைவிடத் தொல்லை. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். லினக்ஸில் பெயருக்கு 255 பைட் என்றால் 85 குறி, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. நீளமான தலைப்பை அப்படியே பெயராக வைக்க முடியாது. இன்னொன்று, 'கொரடாச்சேரி'யின் 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. 'கோவில்வெண்ணி'க்கும் இதே கதி. பழைய மேக்கின் கோப்பமைப்பு பெயரைப் பிரித்துத்தான் வைக்கும், லினக்ஸ் கொடுத்த பைட்டை அப்படியே வைக்கும். இரண்டு பேர் ஏற்றினால் ஒரே டைரக்டரியில் இரண்டு கொரடாச்சேரி. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆர்எஃப்சி 2640 (1999) பெயர்களுக்கு யூடிஎஃப்-8 என்று சொன்னாலும், இந்த இரட்டைப் பிறவியை விஎஸ்எஃப்டிபிடி கவனிப்பதில்லை.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் யூனிகோட் கோப்புகளின் பெயரைப் பாருங்கள்: 'பிஎம்யுனி', பிறகு நாலு இலக்க எண், அதுவும் ஆங்கில எழுத்தில். நூலின் பெயர் பட்டியலில் மட்டும் தமிழில் இருக்கும். தமிழுக்காக உழைத்தவர்கள் கோப்புப் பெயரில் தமிழைப் போடாதது முரணாகத் தோன்றலாம். எந்த சர்வர், எந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் போனாலும் கோப்பு தப்பிப் பிழைக்க அது வழி. ஸ்கேன் செய்கிறவர்களும் இதையே செய்யலாம்: ஒரு எண், தனியே ஒரு பட்டியல்.

உலகுக்குக் கோப்பைக் கொடுக்க எஃப்டிபி தேவையில்லை. டெபியன் தன் பொது எஃப்டிபி சேவையை 2017 நவம்பர் 1-ஆம் தேதி நிறுத்தியது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் எஃப்டிபியைக் கைவிட்டன. கொடுப்பதற்கு வெப் சர்வர் போதும். ஆட்கள் ஏற்றுவதற்கு எஸ்எஃப்டிபி. அது எஸ்எஸ்ஹெச்சுக்குள்ளேயே வருகிறது, ஒரே போர்ட், இரண்டாவது லாரி இல்லை. எஃப்டிபி மட்டுமே தெரிந்த ஸ்கேனருக்கு மட்டும் விஎஸ்எஃப்டிபிடி இருக்கட்டும். வீட்டு வலைக்குள் மட்டும் கேட்கும்படி, ஷெல் இல்லாத ஒரு தனிப் பயனரோடு, 'டவுன்லோட் எனேபிள்' நோ என்று வைத்து. அழிக்கும், பெயர் மாற்றும் கட்டளைகளை 'கமாண்ட்ஸ் டினைட்' வரியில் தடுத்துவிடலாம். வந்த கோப்பை மணிக்கு ஒருமுறை கிரான் எடுத்து வேறு டிஸ்கில் வைக்கட்டும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒருநாள் ஒரு கோப்பு காணாமல் போகும், யார் எடுத்தார் என்று பதிவுக் கோப்பைத் திறப்பீர்கள். விஎஸ்எஃப்டிபிடி அச்சிட முடியாதது என்று தனக்குத் தோன்றும் பைட்டையெல்லாம் பதிவில் கேள்விக்குறியாக்கிவிடும். தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் நேரம் இருக்கும், ஐபி முகவரி இருக்கும், அளவு இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி நிற்கும். எண்ணில் பெயர் வைத்திருந்தால் பட்டியலைப் பார்த்து எந்த நோட்டு என்று கண்டுபிடித்துவிடலாம்.