கதவைத் திறக்காத சோதனை

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் மோட்டார் வாகன ஆய்வாளர்கள் இரவோடு இரவாகச் சாலையில் இறங்கி ஆம்னி பஸ்களை மடக்குவார்கள். பெர்மிட், எஃப்.சி., சாலை வரி, இன்ஷூரன்ஸ், கூடுதல் கட்டணம் என்று விசாரணை நீளும். கிளீனர் ஃபைலோடு இறங்கி ஓடுவார். மறுநாள் நாளிதழில் இத்தனை லட்சம் அபராதம் என்று செய்தி வரும். அவசர வழிக் கதவு திறந்ததா, இல்லையா என்று யாரும் எழுதுவதில்லை.

இந்தச் சோதனைகள் வீண் என்று தள்ளிவிட முடியாது. நாகாலாந்து, புதுச்சேரி எண்களோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த பஸ்களுக்கு 2024 ஜூனில் அரசு தடை போட்டபோது, அதை அமல்படுத்தியது சாலையில் நின்ற இதே ஆட்கள்தான். ஆவணங்களை டிஜிலாக்கரில் காட்டினாலே போதும் என்று 2018-இல் விதி மாறியதால் பயணிகள் காத்துக் கிடக்கும் நேரமும் குறைந்தது. ஓட்டுநர்களும் சளைத்தவர்கள் அல்ல. முன்னால் செக்கிங் இருந்தால் எதிரே வருபவருக்கு ஹெட்லைட்டை அடித்துச் சொல்லிவிடுவார்கள். அதே லைட்தான் விபத்தையும் சாலையில் கிடக்கும் மரத்தையும் சொல்கிறது என்பதால், அந்தப் பழக்கத்தை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

சிக்கல் பேப்பர் சரியாக இருக்கும் பஸ்ஸில் தொடங்குகிறது. 2013 அக்டோபர் 30 விடியலில், பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன வால்வோ பஸ் பாலெம் அருகே சிறுபாலத்தில் மோதித் தீப்பிடித்தது. ஓட்டுநரும் உதவியாளரும் வெளியேறினர்; உள்ளே 45 பேர் கருகினர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2025 அக்டோபர் 24 அதிகாலை, அதே நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் போன ஸ்லீப்பர் பஸ் கர்நூல் அருகே சாலையில் விழுந்துகிடந்த மோட்டார் சைக்கிள்மேல் ஏறி, அதை இழுத்துக்கொண்டே போனது. தீயில் 19 பயணிகள் இறந்தனர். தப்பியவர்களில் பலர் கண்ணாடியை உடைத்துத்தான் வெளியே விழுந்தார்கள். அந்த பஸ்மீது ஏற்கெனவே பல இ-சலான்கள் நிலுவையில் இருந்தன. அதாவது, அது கண்காணிப்பில் சிக்காத வண்டி அல்ல; சிக்கியும் ஓடிய வண்டி.

இரண்டு விபத்திலும் முதல் பழி ஓட்டுநர்மேல் விழுந்தது. வேகத்துக்கும் கவனக்குறைவுக்கும் அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விபத்துக்குப் பிறகு அவர் என்ன செய்ய வேண்டும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய், போலீசுக்குச் சொல் என்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் விலக்கும் தருகிறது. நம் சாலைகளைச் சட்டம் எழுதியவர் நன்றாகவே அறிந்திருக்கிறார்! எரியும் பஸ்ஸிலிருந்து நாற்பது பேரை எந்த வழியாக, எந்த வரிசையில் இறக்குவது என்பது அந்தப் பிரிவில் இல்லை. பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு அதைச் செய்து பழக்கியவரும் இல்லை.

அதனால் பாதுகாப்பு தனிமனிதரின் சமயோசிதத்தை நம்பி நிற்கிறது. 2024 ஜூலையில் வெள்ளகோவிலில் நெஞ்சுவலி வந்த பள்ளி வேன் ஓட்டுநர், வண்டியை ஓரங்கட்டிப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்டார். 2025 மே மாதம் பழனி அருகே ஓட்டுநர் சரிந்து விழ, கண்டக்டர் கையாலேயே பிரேக்கை அழுத்தி பஸ்ஸை நிறுத்தினார். பாராட்டு நியாயம்தான். ஆனால் அந்த ஓட்டுநர்களின் உடல்நிலையைக் கடைசியாக யார், எப்போது பரிசோதித்தார்கள் என்ற கேள்வி பாராட்டு மழையில் கரைந்துவிட்டது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்று வகுத்துவிட்டது. நெடுந்தூரத் தடத்துக்குக் கொஞ்சம் தளர்வும் அதில் இருந்தது. இரவில் பஸ்ஸை மடக்கும் அதிகாரி, ஸ்டியரிங்கில் எப்போது உட்கார்ந்தாய் என்றும் கேட்கலாம். ஸ்பேர் டிரைவர் வண்டியில் இருக்கிறாரா என்று பார்க்கலாம். கண்ணாடி உடைக்கும் சுத்தியல்களை எண்ணலாம், கிளீனரை அழைத்து அவசர வழிக் கதவைத் திறந்துகாட்டச் சொல்லலாம். திறக்காத பஸ்ஸுக்கு அபராத ரசீது கிழித்து அனுப்பிவிடாமல், பயணிகளை மாற்று பஸ்ஸில் ஏற்றிவிட்டு வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும்.