கடைமடைக்கு வராத இலவசம்

சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். திருவையாற்றுப் பக்கம் ஒரு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அக்கா மகன் செல்போனில் விளையாட்டுப் பரிசுக்கான ரிடீம் கோடு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தான். எழுத்தும் எண்ணுமாக 12. ஏற்றுக்கொண்டால் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின் இலவசம். இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு அழுத்தினான். உங்கள் பகுதிக்கு இது செல்லாது என்று ஆங்கிலத்தில் வந்தது. "நம்ம ஊருக்கு மட்டும் ஏன் மாமா இல்ல?" என்றான்.

இப்படிப் பகுதி பார்த்துத் தடுக்கும் வட்டாரப் பூட்டில் நியாயம் உண்டு. இந்தியாவுக்கென்று விலை குறைத்த விளையாட்டை வெளிநாட்டுக்காரர்கள் இங்கிருந்து வாங்கத் தொடங்கினால் அந்த மலிவு விலை நிலைக்காது. அரசுகள் போடும் தடை வேறு வகை. எபிக் கேம்ஸ் தன் இணையக் கடையில் 2018 டிசம்பர் முதல் இலவசமாக விளையாட்டுகளைத் தந்துவருகிறது. அமெரிக்கச் சட்டத்தால் ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் அந்தக் கடையே கிடையாது. காசு கைமாறாவிட்டாலும் சேவை சேவைதான் என்பது தடைச் சட்டத்தின் கணக்கு.

நம் அரசும் தடை போட்டது. சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பின், 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகள். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் உள்ளிட்ட 54. மக்களின் தகவல் எங்கே போகிறது என்று அரசு கேட்கத்தான் வேண்டும். செய்த விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. ஃப்ரீ ஃபயர் போனது; அதே நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அப்படியே இருந்தது. பழைய கணக்கை அதில் திறக்கலாம், ஆனால் அதற்கு நல்ல போன் வேண்டும். அண்ணன் கழித்துக் கொடுத்த, ராம் குறைந்த போனில் ஆடியவன் தலையில்தான் தடை முழுதாக விழுந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி வரும் உத்தரவுகள் ரகசியம் என்பதால் காரணத்தை அவன் முழுதாகப் படிக்கவும் முடியாது.

தண்ணீரை மூடுவது டெல்டாவுக்குப் புதிதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைப்பார்கள். எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று முன்னாலேயே தெரிந்தால்தான் நாற்று விட முடியும். விளையாட்டுத் தடைக்கும் அப்படித் தேதி வேண்டும், காரணம் வேண்டும், கணக்கை மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும். பப்ஜி சர்வர் தடைக்குப் பிறகும் அக்டோபர் 30 வரை ஓடியது. 2021-இல் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கைக் கொண்டுவர வழி விட்டார்கள். ஆக, செய்யக்கூடிய காரியம்தான்.

இலவசம் தருகிறவர்களும் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதை அறிவிப்பின் தலையிலேயே பெரிதாகப் போட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோடு செல்லாமல் ஏமாந்த பையன், 'எல்லா நாட்டுக்கும் செல்லும்' என்று ஆசை காட்டும் போலிப் பக்கத்துக்குப் போகிறான். அது பாஸ்வேர்டு கேட்கும், பிறகு ஓடிபி கேட்கும். அன்று மதகில் போனை வாங்கிப் பார்த்தேன். அப்படியொரு பக்கம் திறந்திருந்தது. அக்காவின் செல் நம்பரில் ஆறு இலக்கம் அடித்து முடித்திருந்தான்.