சிதிலசமாதி: கலையும் யோகமும்

காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திர நாடகத்தில் நுட்பமான ஓரிடம் உண்டு. மாளவிகையைச் சித்திரத்திற் கண்ட அரசன், பின்னர் அவளை நேரிற் கண்டதும், ஓவியம் அவள் அழகுக்கு ஈடாகாமை உணர்கின்றான். ஓவியனின் கைத்திறனை அவன் பழித்தானல்லன். தீட்டுங்கால் ஓவியனுடைய சமாதி தளர்ந்துவிட்டது என்கின்றான். இதுவே 'சிதிலசமாதி'.

கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947), கலையில் இயற்கை உருமாறும் வகையை ஆராய்ந்து 1934இல் வெளியிட்ட ஆங்கில நூலில், இச்சொல்லை எடுத்தாண்டு ஒரு கொள்கையை நிறுவினார். கலைஞன் முதலில் தியானத்தில் உருவை முழுமையாகக் காண்கின்றான். பின்னரே கை அதனைப் புறத்தே ஆக்குகின்றது. ஆதலின் கலை யோகமாகும் என்பது அவர் துணிபு. கலையை வெறும் உணர்ச்சிப் பெருக்கென்று கருதியோருக்கு இது தக்க விடை. எனினும், இதனுள் ஒரு குறை உண்டு. உள்ளமே ஆண்டான், கை அதன் ஏவலாள் என்னும் எண்ணத்தை இது வளர்த்துவிடுகின்றது. உள்ளம் ஒன்றினாற் போதும், பயிற்சி தானே வரும் என்று இளங்கலைஞர் மயங்கவும் இடமாகின்றது.

பதஞ்சலியார் வகுத்த வரிசை அவ்வாறன்று. எட்டு உறுப்புக்களுள் தாரணை, தியானம், சமாதி என்பன இறுதி மூன்று. இயம நியமங்களும், ஆசனமும் பிராணாயாமமும், பிரத்தியாகாரமும் அவற்றுக்கு முன் நிற்பன. அஃதாவது, உடல் பழகிய பின்னரே உள்ளம் ஒருமைப்படும். குமாரசுவாமி மேன்மாடத்தைக் காட்டினார். ஏறும் படிகளை விரித்துரைத்தாரல்லர்.

அப்படிகளைக் காண விரும்புவோர் வெருகல் முதலாகத் தெற்கே நீளும் மட்டக்களப்பு நாட்டின் கூத்துக் களரிகளை நோக்குதல் தகும். அண்ணாவியார் சட்டங்கொடுத்த பின், வயலிலும் வாவியிலும் உழைப்போர் இரவிற் கூடி ஆட்டம் பழகுவர். மத்தளத்தின் தாளக்கட்டுக்குக் கால் பணியும்வரை பாத்திரத்தின் உணர்ச்சியைப் பற்றிப் பேச்சில்லை. சலங்கை கட்டும் நாளும் உரிய பயிற்சிக்குப் பின்னரே வரும். கால் தானே மிதிக்கக் கற்றபோதுதான் உள்ளம் விடுதலை பெற்று, வீமனாகவோ அருச்சுனனாகவோ நிற்கின்றது. ஈண்டு உடலே உள்ளத்துக்கு ஆசான்.

அப்பியாசத்தோடு வைராக்கியமும் வேண்டும் என்பது யோகநூலின் மற்றொரு விதி. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) இதற்குச் சான்று. 1924இல் துறவு பூண்ட அவர், வழக்கொழிந்த யாழை ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆராய்ந்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் குறிப்புக்களைக் கணிதத்தின் துணைகொண்டு நுணுகி நோக்கினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'யாழ்நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது; அடுத்த திங்களில் அடிகள் மறைந்தார். அந்நூலின் முடிபுகள் சில மேலும் ஆராய்தற்குரியன. ஆயினும் புகழை நோக்காது உழைத்த அவ்வுழைப்பில் தளர்ச்சி காண்டல் அரிது. துறவு அவருக்குத் தொழிலை விடுதலாக அமையவில்லை. பயனில் பற்று விடுதலாகவே அமைந்தது.

யோகியும் கலைஞனும் ஒருவரே எனல் மிகை. யோகி உருவைக் கடந்து செல்பவன். கலைஞனோ உருவைப் பிறர்க்கு விட்டுச் செல்லும் கடப்பாடுடையவன். எனவே யோகம் கலைஞனுக்குத் தருவது பரவசமன்று, பழக்கமே. சித்திரம் பிழைத்தவிடத்துச் சமாதி தளர்ந்ததெனக் கூறல் எளிது. அச்சமாதியைத் தாங்கிய பயிற்சி எங்கே தளர்ந்தது என வினாவுதலே திறனாய்வின் கடன்.