'லாவணி' என்னும் சொல்

சமீபத்தில் ஒரு சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். உறுப்பினர் ஒருவர் எழுந்து, கட்டட நிதிக்குத் தண்டிய பணத்தின் ரசீதுப் புத்தகம் எங்கே என்று வினவினார். காரியதரிசி அதற்கு விடை கூறாது, வினவியவர் இரண்டாண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பதை எடுத்துரைத்தார். தலைவரோ, "இங்கே லாவணி பாட வேண்டாம்" என்று இருவரையும் உட்கார வைத்துவிட்டார். சபை சிரித்துக் கலைந்தது. ரசீதுப் புத்தகம் வந்தபாடில்லை.

ஒருவர்மேல் ஒருவர் மாறி மாறிக் குற்றஞ்சாட்டிக் கொள்வதைப் பத்திரிகைகளும் மேடைகளும் 'லாவணி' என்றே வழங்குகின்றன. இச்சொல் மராத்தியினின்று வந்தது. தஞ்சையை 1855 வரை ஆண்ட மராட்டியர் காலத்தில் அவர்களது பாட்டு முறை தமிழ்நாட்டில் வேரூன்றியது என்பர். மராத்தியில் அது டோல்கி முழக்கத்துக்கு ஆடிப்பாடும் சிருங்காரப் பாட்டு. தமிழிலோ வாதப் பாட்டாக உருமாறிற்று. மாசி மாதத்துக் காமன் பண்டிகையில், சிவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் டேப்பு அடித்து விடிய விடியப் பாடுவர். 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' என்பது இதுவே. மன்மதன் எரிந்தாலும் எரியாவிட்டாலும் நமக்கு நஷ்டமொன்றுமில்லை. அது வேறு விஷயம்.

ஆனால் அப்பாட்டின் முறையை அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஒரு கட்சியார் கேள்வி தொடுத்தால், மறு கட்சியார் அதற்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர். விடை தெரியாது திகைப்பவர் சபைமுன் தோற்றவராவார். விடை கூறுதலே லாவணிக்கு உயிர். விடை கூறாமைக்கு அப்பெயரைச் சூட்டுவது அக்கலைக்கு நாம் இழைக்கும் அநீதி.

இதனினும் பெரிய அநீதி ஒன்றுண்டு. லாவணி என்றவுடன் இரு கட்சியும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. கணக்குக் கேட்டவனும் கணக்கை ஒளித்தவனும் சரிசமமான வாயாடிகளாகிவிடுகின்றனர். ஒளித்தவனுக்கு இதனினும் வேறு லாபம் வேண்டுமோ?

சொற்பொருள் காலத்தால் மாறுவது இயல்பு, அதைத் திருப்பவியலாது என்பர் சிலர். ஒப்புகிறோம். இருதரப்பாரும் ஆதாரமின்றி ஏசிக்கொள்ளும் இடத்தில் அச்சொல் இருந்துவிட்டுப் போகட்டும். அக்கூட்டத்தில் நிகழ்ந்தது அதுவன்று. சந்தா பாக்கி உண்மையானால் அதை அடுத்த விஷயமாக எடுத்து வசூலித்திருக்கலாம். காரியதரிசி செய்ததற்கு மராத்தியில் சொல் தேட வேண்டியதில்லை. மழுப்பல் என்று நல்ல தமிழ்ச் சொல்லே இருக்கிறது.