செட்டிநாட்டு இரவிவர்மா பீங்கான் பொம்மைகள்

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் காணப்படும் இரவிவர்மா பீங்கான் பொம்மைகள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தியச் சந்தைக்காக ஜெர்மனியில் செய்யப்பட்டவை. ஓவியர் இராஜா இரவிவர்மாவின் (1848–1906) அச்சுப்படங்களே இவற்றுக்கு மாதிரி. பர்மா, மலேயா, இலங்கையில் வணிகம் செய்த நகரத்தார், காரைக்குடி முதல் பொன்னமராவதியை அடுத்த வலையபட்டி, மேலைச்சிவபுரி வரை பரவிய தம் ஊர்களில் பெரிய வீடுகள் கட்டினர். பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலியச் சலவைக்கல், பர்மா தேக்கு எனப் பல நாட்டுப் பொருட்களால் அவற்றை நிரப்பினர்.

மேடையும் அச்சும்

இரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் மும்பையில் தொடங்கியது. அங்கு முதலில் அச்சான படம் ‘சகுந்தலையின் பிறப்பு’. மேனகை நீட்டும் குழந்தையை ஏற்காமல் விசுவாமித்திரர் கையை உயர்த்தி முகம் திருப்புகிறார். எதிரே அவையோர் இருப்பதாகக் கொண்டு நிற்கும் நாடக நிலை இது.

அயல்நாட்டு நாடக உருவம் பீங்கானில் ஏறியது இது முதன்முறையன்று. 18-ஆம் நூற்றாண்டில் சீனக் கைவினைஞர்கள், ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்து, இத்தாலிய நாடகக் கோமாளியான ஆர்லெக்கினோ முதலியோரை ஏற்றுமதித் தட்டுகளில் தீட்டினர்.

மதிப்பீடு

இப்பொம்மைகளை வெறும் நகல் என ஒதுக்குவது சரியன்று. தட்டு தட்டையானது, படத்தின் கோடுகளை அதில் அப்படியே ஏற்றலாம். பொம்மைக்கோ பின்புறம் உண்டு. அச்சுப்படத்தில் இல்லாத பின்னலையும் புடவைக் கட்டையும் ஜெர்மானியச் சிற்பி தானே கற்பிக்க வேண்டியிருந்தது. எனவே முன்புறம் இரவிவர்மாவுடையது என்றால், பின்புறம் சிற்பியுடையது. புடவை கட்டத் தெரிந்தவர் பின்புறத்தைப் பார்த்தால், அவர் எதைப் புரிந்துகொண்டார், எங்கே ஊகித்தார் என்பதைக் கண்டறிய முடியும். கலை மதிப்பீடு தொடங்க வேண்டிய இடம் அதுவே.

கண்ணாடி அலமாரியில் சுவரைப் பார்த்து நிற்பதால் இந்தப் பக்கம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. வீடுகள் பாகம் பிரியும்போதும் இடிபடும்போதும் உள்ளிருக்கும் பொருட்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் செல்கின்றன. அங்கு பொம்மை விலை பெறுகிறது. ஆனால் எந்த ஊர், எந்த வீடு, யார் கொண்டுவந்தது என்ற செய்தி உடன் செல்வதில்லை. விற்பதற்கு முன் இரு புறமும் படமெடுத்து, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் எழுதி வைத்தால், பொம்மை கைமாறினாலும் அதன் வரலாறு ஊரில் நிற்கும்.